ட்ரெவர் ஹார்ன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ட்ரெவர் ஹார்ன்?

இங்கிலாந்தின் பாப் பாடலாசிரியர், பாடகர், பேஸ் கிட்டார் கலைஞர். ஆனால் பெயர் நிலைத்தது இசைத் தயாரிப்பாளராகத்தான். 1949 ஜூலை 15 அன்று, வடகிழக்கே டரம் மாவட்டத்தில் ஹெட்டன்-லி-ஹோல் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். அப்பா பகலில் பால் நிறுவனமொன்றில் இயந்திரங்களைப் பராமரித்தார், இரவில் டபுள் பேஸ் வாசித்தார். பையன் பேஸ் பழகியது அவரிடம்தான்.

பெயரைக் கேட்டதில்லை என்று சொல்பவர்கள்கூட 'வீடியோ கில்ட் த ரேடியோ ஸ்டார்', 'ரிலாக்ஸ்', 'கிஸ் ஃப்ரம் எ ரோஸ்' இவற்றில் ஒன்றையாவது கேட்டிருப்பார்கள். மூன்றிலும் அவர் கை இருக்கிறது.

ப்ரொட்யூசர் என்றால் பணம் போடுபவர்தானே?

சினிமாவில் அப்படி. பாப் இசையில் பணம் போடுவது ரெக்கார்டு கம்பெனி. ப்ரொட்யூசர் என்பவர் ஏறக்குறைய படத்தின் இயக்குநர் மாதிரி. எந்த ஸ்ருதி, எந்த வேகம், பல்லவி எத்தனை முறை வர வேண்டும், யார் வாசிக்க வேண்டும், பாடியதில் எந்த டேக்கை வைத்துக்கொள்வது, எது தேறாது என்பதெல்லாம் அவர் முடிவு. மைக் வைத்து ஒலியைப் பதிவு செய்பவர் இன்ஜினியர். வயலின்களுக்கு ஸ்வரம் எழுதித் தருபவர் அரேஞ்சர். நம் ஊரில் இசையமைப்பாளர் ஒருவரே சுமக்கும் வேலையை அங்கே நான்கைந்து பேர் பிரித்துக்கொள்கிறார்கள்.

ஹார்னின் குழுவில் இந்தப் பிரிவினை தெளிவாக இருந்தது. கீபோர்டும் ஆர்க்கெஸ்ட்ரா அரேஞ்ச்மென்ட்டும் ஆன் டட்லி, ஒலிப்பதிவு கேரி லாங்கன், கணினி இசைக்கருவி ஜே.ஜே. ஜெக்ஸாலிக். பிற்பாடு கிட்டாரும் ஒலிப்பதிவுமாக ஸ்டீவ் லிப்ஸன் வந்து சேர்ந்தார். எண்பதுகளின் ஹார்ன் பாட்டுகளில் பெரும்பாலானவற்றின் பின்னட்டையில் இந்த நால்வரில் ஒருவராவது இருப்பார்.

எந்தெந்தப் பாட்டு அவர் எழுதியது, எது தயாரித்தது மட்டும்?

அதிகம் குழப்பம் நடக்கும் இடம் இது. 'வீடியோ கில்ட் த ரேடியோ ஸ்டார்' ஹார்ன், ஜெஃப் டௌன்ஸ், ப்ரூஸ் வுல்லி மூவரும் எழுதியது. பிரிட்டிஷ் ராக் குழுவான யெஸ்ஸின் 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' பாட்டுக்கு ட்ரெவர் ராபின், ஜான் ஆண்டர்சன், கிறிஸ் ஸ்குவயர் ஆகியோரோடு ஹார்னும் ஒரு பங்காளி. பாடகி கிரேஸ் ஜோன்ஸின் 'ஸ்லேவ் டு த ரிதம்' நால்வர் எழுதியது, அதிலும் இவர் உண்டு. ரஷ்யாவின் டாட்டூ என்ற இருவர் குழு பாடிய 'ஆல் த திங்ஸ் ஷி செட்' பாட்டின் ஆங்கில வரிகளில் இவருக்குப் பங்கு உண்டு. 2003இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த பாட்டு அது.

மறுபக்கம், 'ரிலாக்ஸ்' எழுதியது ஃப்ராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழுவினர். 'கிஸ் ஃப்ரம் எ ரோஸ்' முழுக்க முழுக்க அதைப் பாடிய சீல் எழுதியது. லீஆன் ரைம்ஸின் 'கான்ட் ஃபைட் த மூன்லைட்' டயான் வாரனுடையது. இவற்றில் ஹார்ன் தயாரிப்பாளர் மட்டுமே.

இது பெயருக்கான தகராறு மட்டுமல்ல. வானொலியில் ஒலிக்கும்போதும், வேறொருவர் அதே பாட்டைப் பாடிப் பதிவு செய்யும்போதும் எழுதியவருக்குப் பணம் வரும். தயாரித்தவருக்கு, தான் தயாரித்த அந்தப் பதிவு விற்றால்தான் பங்கு.

தொடக்கம் எப்படி?

லெஸ்டர் நகரில் ஒரு சிறு ஸ்டூடியோ கட்டியதிலும் ஹோட்டல், நடன அரங்கக் குழுக்களில் பேஸ் வாசித்ததிலும் இருபதுகள் கழிந்தன. பிறகு லண்டன். அங்கே பாடகி டீனா சார்ல்ஸின் மேடைக் குழுவில் சேர்ந்தார். கீபோர்டு கலைஞர் ஜெஃப் டௌன்ஸ் அறிமுகமானது அங்கேதான்.

இந்த இடத்தில் ஒரு இந்தியத் தொடர்பு உண்டு. டீனா சார்ல்ஸின் 1976 வெற்றிப் பாட்டு 'ஐ லவ் டு லவ்'வைத் தயாரித்தவர் பெங்களூரில் பிறந்து லண்டன் போன பிட்டு. நாஸியா ஹசனின் 'ஆப் ஜைசா கோயி'க்கு இசை தந்த அதே பிட்டுதான். அளவெடுத்து அடுக்கிய டிஸ்கோ தாளத்தை ஹார்ன் பக்கத்தில் இருந்து பார்த்தது அவருடைய பாட்டுகளில்.

'வீடியோ கில்ட் த ரேடியோ ஸ்டார்' பாட்டில் குரல் பழைய ரேடியோ மாதிரி கேட்கிறதே, எப்படி?

ஹார்னின் குரலை ஒரு வாக்ஸ் ஏசி30 கிட்டார் ஆம்ப்ளிஃபயர் வழியாக வெளியே விட்டார்கள். கிட்டாருக்கென்று செய்த ஸ்பீக்கர் அடித்தட்டையும் உச்சியையும் தானாகவே வெட்டிவிடும், நடுப்பகுதி மட்டும் மூக்கால் பேசுவதுபோல் நிற்கும். 'ஓ ஆ ஓ' என்று வரும் பெண் குரல்கள் டெபி டாஸ், லிண்டா ஜார்டிம் இருவருடையவை. அவை முழு அகலத்தில் பளிச்சென்று பதிவானவை. பழைய ரேடியோவும் புதிய டிவியும் ஒரே பாட்டில் மோதுவது கதையில் மட்டுமல்ல, ஒலியிலும் இருக்கிறது.

1979 அக்டோபரில் பாட்டு பிரிட்டனில் முதலிடம். குழுவின் பெயர் பகில்ஸ், ஹார்னும் டௌன்ஸும்தான் குழு.

அந்தக் குரலை வீட்டுக் கணினியில் கொண்டுவர முடியுமா?

முடியும். எந்த ரெக்கார்டிங் மென்பொருளும் போதும்.

1. குரல் ட்ராக்கை ஒரு நகல் எடுங்கள். அசலை ஊமையாக்கி வையுங்கள், அழிக்க வேண்டாம்.
2. நகலில் ஈக்யூ (ஒலியின் அடி, நடு, உச்சிப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் வசதி) போட்டு 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டுங்கள். பழைய தொலைபேசி கடத்திய அகலம் இதுதான். சரிவு செங்குத்தாக, ஆக்டேவுக்கு 24 டெசிபல் வைத்தால் நல்லது.
3. 1,000 முதல் 1,500 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் ஏற்றுங்கள்.
4. லேசான டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் வசதி) சேருங்கள். அதன் பின்னால் இன்னொரு முறை 3,400க்கு மேல் வெட்டுங்கள்.
5. கம்ப்ரஸர் (சத்தமான இடங்களை அமுக்கிச் சமன்படுத்துவது) 4:1.

பலர் கோட்டை விடுவது நான்காவது படியில். டிஸ்டார்ஷன் புது மேல்நிலை அதிர்வுகளை உண்டாக்கும். முதலில் வெட்டியது வீணாகி, ரேடியோ ஒலி போய் கிழிந்த ஸ்பீக்கர் ஒலி வந்துவிடும். அடுத்த சிக்கல், 'ஸ', 'ஃப' இரண்டும் ஒன்றுபோல் கேட்பது. அந்த எழுத்துகளின் பலம் 3,400க்கு மேலேதான் இருக்கிறது, அதை நாமே வெட்டிவிட்டோம். பாடும்போதே வார்த்தைகளை அழுத்தி உச்சரிப்பதுதான் மருந்து. அப்படியும் புரியாவிட்டால் ஊமையாக்கிய அசலை மிகக் குறைந்த அளவில் அடியில் கலக்கலாம். எதிரொலியை ஈக்யூவுக்கு முன்னால் போட்டால் அறை முழுவதும் ரேடியோவுக்குள் போய்விடும், பின்னால் போட்டால் ரேடியோ ஒரு அறைக்குள் இருக்கும். வேண்டியது எதுவென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எம்டிவியில் முதலில் ஒளிபரப்பானது இந்தப் பாட்டுதானா?

ஆம். 1981 ஆகஸ்ட் 1, நள்ளிரவு கடந்து ஒரு நிமிடம். படமாக்கியவர் ரஸல் மல்காஹி. கறுப்பு உடையில் கீபோர்டு முன்னால் ஓர் இளைஞர் ஓரிரு நொடி தெரிவார், அவர்தான் பின்னாளில் ஹாலிவுட் இசையமைப்பாளரான ஹான்ஸ் ஸிம்மர்.

பாடகராக ஏன் நீடிக்கவில்லை?

1980இல் ஹார்னும் டௌன்ஸும் யெஸ் குழுவில் சேர்ந்தார்கள். பாடகர் ஜான் ஆண்டர்சனும் கீபோர்டு மேதை ரிக் வேக்மனும் விலகிய இடம் அது. 'ட்ராமா' ஆல்பம் நன்றாகவே வந்தது. மேடையில்தான் கதை கந்தல். ஆண்டர்சனின் குரல் இயல்பாகவே உச்சஸ்தாயியில் உலாவுவது. அந்தப் பாட்டுகளை இரவுக்கு இரவு பாடினால் ஹார்ன் குரல் தாங்காது. பிரிட்டிஷ் ரசிகர்கள் முகத்துக்கு நேரே கூச்சலிட்டார்கள். 1981 தொடக்கத்தில் குழுவே கலைந்தது.

மனைவி ஜில் சின்க்ளேர் ஸ்டூடியோ நிர்வாகி, கணக்கில் கெட்டி. பாடகராக இருந்தால் இரண்டாம் வரிசைதான், தயாரிப்பில் இறங்கினால் முதல் ஆள் என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னவர் அவர். ஹார்ன் கேட்டுக்கொண்டார். 2006இல் நடந்த ஒரு விபத்துவரை ஜில் அவர் தொழிலின் மறுபாதியாகவே இருந்தார். அதன் பிறகு ஜில் எழவே இல்லை, 2014இல் மறைந்தார்.

அவருடைய தயாரிப்பு முறையில் அப்படி என்ன தனித்தன்மை?

ஷெஃபீல்டைச் சேர்ந்த ஏபிசி குழுவின் 1982 ஆல்பம் 'த லெக்ஸிகன் ஆஃப் லவ்' நல்ல எடுத்துக்காட்டு. பையன்கள் ஆர்வமாக வாசித்தார்கள், ஆனால் தாளம் அமெரிக்க டிஸ்கோ தட்டு அளவுக்குக் கறாராக இல்லை. ஹார்ன் செய்தது இது. முதலில் குழு வாசித்ததைப் பதிவு செய்தார். அதை வைத்து டிஆர்-808 தாள இயந்திரத்திலும் சீக்வென்ஸர் (ஸ்வரங்களை வரிசைப்படித் தானே வாசிக்க வைக்கும் கருவி) ஓட்டும் மினிமூக் சிந்தசைஸரிலும் பாட்டின் எலும்புக்கூட்டை அச்சுப் பிசகாமல் கட்டினார். பிறகு குழுவினரை அதன்மேல் மறுபடி வாசிக்க வைத்து, இயந்திர ஒலிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மனிதர் வாசிப்பை வைத்தார். கடைசியில் ஆன் டட்லி எழுதிய வயலின்கள்.

வீடு கட்டச் சாரம் கட்டி, முடிந்ததும் பிரிப்பது மாதிரி. கேட்பவருக்குச் சாரம் தெரியாது, சுவர் மட்டும் நேராக நிற்கும். இயந்திர இசைக்காரர் என்று அவரை ஒதுக்குபவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். அவருக்கு இயந்திரம் ஒரு ரசமட்டம்.

ஹார்னைப் பற்றிப் படித்தால் ஃபேர்லைட் என்று அடிக்கடி வருகிறதே, அது என்ன?

ஆஸ்திரேலியாவில் சிட்னியில் பீட்டர் வோகல், கிம் ரைரி இருவரும் உருவாக்கிய கணினி இசைக்கருவி, 1979இல் விற்பனைக்கு வந்தது. ஒரு கீபோர்டு, பச்சைத் திரை, திரையில் தொட்டு வரைய ஒளிப்பேனா, எட்டு அங்குல ஃப்ளாப்பி. எந்த ஒலியையும் பதிவு செய்து கட்டைகளில் வாசிக்கலாம். விலை அன்றைக்கு ஒரு வீட்டு விலை. ஹார்ன் துணிந்து வாங்கினார், ஓட்டுவதற்கு ஜெக்ஸாலிக்கை வைத்துக்கொண்டார்.

அதன் குறைகள்தான் எண்பதுகளின் ஒலியாயின. எட்டு பிட், அதாவது ஒலியின் அளவுக்கு 256 படிகள் மட்டும். ஒலி எண்களாகவே சேமிக்கப்படும், ஒரு ஒலிக்கு நினைவகம் 16,384 எண்கள். முதல் மாடலில் நொடிக்கு 24,000 எண்கள் எடுத்தால் கொள்ளளவு 0.68 நொடி, அவ்வளவுதான். ஒரு ஆக்டேவ் மேலே வாசித்தால் அது பாதியாகி 0.34 நொடி. நீண்ட ஒலி வேண்டுமானால் பதிவின் தரத்தைக் குறைக்க வேண்டும், ஒலி மங்கிவிடும். ஆக, பயன்படுத்துபவருக்கு மிஞ்சியது சட்டென்று வெட்டும் ஒலிகள்: ஆர்க்கெஸ்ட்ராவின் ஒரே ஒரு 'டாங்', ஒரு 'ஹேய்', ஒரு கதவடைப்பு. 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' பாட்டின் நடுவே அறைந்துவிட்டுப் போகும் ஒலிகளைக் கேளுங்கள்.

இரண்டாவது மாடலில் 'பேஜ் ஆர்' என்றொரு திரை வந்தது. எட்டு வரிகள், வரிக்கு ஒரு ஒலி, இடமிருந்து வலமாகத் தாளம் ஓடும். இன்றைய மென்பொருளில் ஒலிகளை வரிசை வரிசையாக அடுக்கிப் பழகியவருக்கு அது பழகிய முகமாகவே இருக்கும்.

ஆர்ட் ஆஃப் நாய்ஸ் குழுவில் ஹார்ன் உண்டா?

உண்டு, ஆனால் குழு பிறந்தது அவர் இல்லாத நேரத்தில். யெஸ் குழு மறுபடி கூடி 1983இல் '90125' ஆல்பம் பதிவு செய்தபோது ட்ரம்மர் ஆலன் வைட்டின் ஒரு தாளத்தைக் கழித்துக் கட்டினார்கள். லாங்கனும் ஜெக்ஸாலிக்கும் அதை எடுத்து ஃபேர்லைட்டில் போட்டார்கள். அதுவரை ஒரு அடியைத்தான் பதிவு செய்வார்கள், இவர்கள் முழுத் தாளத்தையும் ஏற்றிவிட்டார்கள். அதிலிருந்து வந்ததுதான் 'பீட் பாக்ஸ்'. ஹார்னுக்குக் கேட்ட மாத்திரத்தில் பிடித்துப்போயிற்று. டட்லியும் பத்திரிகையாளர் பால் மோர்லியும் சேர, ஐவர் குழு. பெயர் இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸோலோ 1913இல் வெளியிட்ட அறிக்கையிலிருந்து எடுத்தது.

ஆல்பத்தின் தலைப்பு ஏன் '90125' என்று கேட்பவர்களுக்கு: அது ரெக்கார்டு கம்பெனியின் பட்டியல் எண், வேறொன்றுமில்லை.

'ரிலாக்ஸ்' பாட்டில் குழுவினர் வாசிக்கவே இல்லை என்கிறார்களே?

பெரும்பாலும் உண்மை. ஹார்ன், ஜில், மோர்லி மூவரும் 1983இல் தொடங்கிய இசட்டிடி ரெக்கார்டு கம்பெனி லிவர்பூலைச் சேர்ந்த ஃப்ராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழுவை ஒப்பந்தம் செய்தது. முதலில் குழு வாசித்த பதிவு, தேறவில்லை. அடுத்து பாடகர் இயன் டூரியின் ப்ளாக்ஹெட்ஸ் குழுக் கலைஞர்களை வைத்து ஒன்று, கைதேர்ந்த வாசிப்பு. ஆனாலும் ஹார்ன் தேடிய முரட்டுத்தனம் அதில் இல்லை. கடைசியில் ஃபேர்லைட், லின் தாள இயந்திரம், ஆண்டி ரிச்சர்ட்ஸின் கீபோர்டு, லிப்ஸனின் கிட்டார் என்று தன் குழுவை வைத்தே கட்டினார். குரல் மட்டும் ஹாலி ஜான்சன். குழுவின் மற்றவர்கள் நீச்சல் குளத்தில் குதித்த சத்தத்தைப் பதிவு செய்து பாட்டில் சேர்த்தார்கள், அதுதான் அவர்கள் பங்கு. ஸ்டூடியோ நேரத்துக்கான செலவு 70,000 பவுண்டு. ஒரே ஒரு சிங்கிளுக்கு, அதாவது தனியாக விற்கும் ஒரு பாட்டுக்கு!

1983 அக்டோபரில் வெளியானபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. 1984 ஜனவரியில் பிபிசி தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பிறகு விற்பனைத் தரவரிசையில் 35ஆம் இடத்திலிருந்து 6ஆம் இடத்துக்கு ஏறியது. ஜனவரி 11 அன்று ரேடியோ 1 அறிவிப்பாளர் மைக் ரீட் வரிகள் ஆபாசம் என்று பாட்டை ஒதுக்கினார், பிபிசியும் தடை போட்டது. இரண்டே வாரத்தில் முதலிடம், ஐந்து வாரம் அங்கேயே. அடுத்து வந்த 'டூ ட்ரைப்ஸ்' வந்த வாரமே முதலிடத்தில் ஏறி ஒன்பது வாரம் இருந்தது.

12 அங்குலத் தட்டு ஏன் இத்தனை விதம்?

'ரிலாக்ஸ்' முதல் 12 அங்குலப் பதிப்பு 16 நிமிடம் ஓடும், ஆனால் ரேடியோவில் கேட்ட பாட்டு அதில் இருக்காது. வாங்கியவர்கள் கடைக்குத் திரும்பி வந்து சண்டை போட்டார்கள். நியூயார்க்கில் நடன விடுதியில் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் நீண்ட பதிப்பு எதற்கென்று ஹார்னுக்கு விளங்கியது: ஆடுபவருக்கு வார்த்தை வேண்டாம், தாளம் மூச்சுவிட இடம் வேண்டும். திரும்பி வந்து புதிதாக ஒன்று செய்தார். பழைய தட்டு வாங்குவோர் லேபிளில் மிக்ஸின் (ஒலிக் கலவையின்) பெயரையும், பாட்டு முடிந்து லேபிள்வரை உள்ள காலி வளையத்தில் கீறியிருக்கும் எண்ணையும் பார்த்து வாங்குங்கள். அட்டை ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருப்பது இந்தத் தட்டுகளில் சகஜம்.

ஃப்ராங்கி குழுவோடு வழக்கு நடந்ததா?

நடந்தது, ஹார்ன் தரப்பு தோற்றது. ரெக்கார்டு கம்பெனி, பாடல் பதிப்புரிமை நிறுவனம், ஸ்டூடியோ, தயாரிப்பாளர் எல்லாம் ஒரே குடும்பத்தின் கையில். ஸ்டூடியோ வாடகை குழுவின் கணக்கில் ஏறும், எவ்வளவு நாள் பதிவு என்பதைக் குழு தீர்மானிக்க முடியாது. ஹாலி ஜான்சன் விலக முயன்றபோது இசட்டிடி நீதிமன்றம் போனது. ஒப்பந்தம் ஒருதலைப்பட்சமானது, தொழில் செய்யும் உரிமையை அநியாயமாகக் கட்டிப்போடுகிறது என்று தீர்ப்பு வந்தது. 1989இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. இசைச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் புரட்டும் தீர்ப்பு. எவ்வளவு பெரிய ரசிகராக இருந்தாலும் இந்த விஷயத்தில் நியாயம் ஜான்சன் பக்கம் என்றே சொல்ல வேண்டும்.

'டூ தே நோ இட்ஸ் கிறிஸ்மஸ்' அவர் தயாரித்ததா?

எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக பாப் பாடகர்கள் கூடிப் பாடிய பாட்டு அது. இல்லை, தயாரித்தவர் பாடகர் மிட்ஜ் யூர். ஹார்ன் கொடுத்தது இடம். 1984 நவம்பர் 25 அன்று நாட்டிங் ஹில், பேஸிங் தெருவில் இருந்த தம் சார்ம் வெஸ்ட் ஸ்டூடியோவை ஒரு நாள் இலவசமாக விட்டார். 12 அங்குல மிக்ஸ் அவர் செய்தது. அந்தக் கட்டடம் முன்பு தேவாலயமாக இருந்து, பிறகு ஐலண்ட் நிறுவனத்தின் ஸ்டூடியோவானது. பாப் மார்லி பதிவு செய்த இடம்.

சீலின் முதல் ஆல்பத்தில் இரண்டு பதிப்பு இருப்பது உண்மையா?

உண்மை. 1991 ஆல்பம் வெளியான பிறகும் சில பாட்டுகளின் கலவை மாறியது. முதலில் அச்சானவற்றில் ஒரு மிக்ஸ், பின்னால் வந்தவற்றில் வேறு. வெளியே போன சரக்கையும் மாற்றும் அளவுக்குத் திருப்தியில்லாத ஆள். கையில் இரண்டு பிரதி கிடைத்தால் ஒரே பாட்டை ஒலி அளவு சமமாக வைத்து மாற்றி மாற்றிக் கேளுங்கள். அளவு ஏறுமாறாக இருந்தால் சத்தமாக இருப்பதே நல்லது என்று காது ஏமாற்றும்.

1994இல் வந்த இரண்டாவது ஆல்பத்துக்கும் பெயர் 'சீல்' என்பதே, இணையத்தில் வாங்கும்போது ஆண்டைப் பாருங்கள். 'கிஸ் ஃப்ரம் எ ரோஸ்' இருப்பது இரண்டாவதில். அந்தப் பாட்டுக்காக 1996இல் ஆண்டின் சிறந்த பதிவுக்கான கிராமி கிடைத்தது. 2011இல் ஹார்னுக்கு பிரிட்டிஷ் அரசின் சிபிஇ விருதும் கிடைத்தது.

புதிதாகக் கேட்பவர் எதில் தொடங்கலாம்?

'த லெக்ஸிகன் ஆஃப் லவ்' முழுசாக. அடுத்து 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்', ஆனால் போன் ஸ்பீக்கரில் வேண்டாம், சாதாரண ஹெட்போனாவது வேண்டும். பிறகு கிரேஸ் ஜோன்ஸின் 1985 ஆல்பம் 'ஸ்லேவ் டு த ரிதம்'. ஒரே பாட்டை எடுத்து அதன் வெவ்வேறு உருவங்களாலேயே ஒரு ஆல்பத்தை நிரப்பியிருக்கிறார்கள். முதல் முறை எரிச்சல் வரும். இரண்டாம் முறை பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள்.